ஒலிச் செயலிப் பலகை: ஆகஸ்ட் குறிப்புகள்

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

இருவழி ஒலிபெருக்கி ஒன்றைக் கட்டவேண்டும் என்ற நெடுநாள் எண்ணத்தில் வாங்கிவைத்திருந்த, ஏடிஏயு1701 என்ற ஒலிச் செயலிச் சில்லு பொருத்திய பலகையை இன்றுதான் மேசைக்கு எடுத்தேன். அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் இந்தச் சில்லில் இரண்டு உள்ளீடுகளும் நான்கு வெளியீடுகளும் இருப்பதால், இடம், வலம் ஆகிய இரு பக்கங்களிலும் தாழ்ந்த ஒலிக்கான வூஃபருக்கு ஒன்று, உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டருக்கு ஒன்று என ஒலியைப் பிரித்தனுப்ப இது ஒன்றே போதும்.

மின்சாரம் கொடுத்ததும் மென்பொருளைத் திறக்காமல் மல்டிமீட்டரைத்தான் முதலில் எடுத்தேன். 3.3 வோல்ட் சரியாக இருந்தது. உட்கருவுக்கு வேண்டிய 1.8 வோல்ட்டை, வெளியே ஒரு டிரான்சிஸ்டரைத் துணைக்கு வைத்துக்கொண்டு சில்லே உருவாக்கிக்கொள்கிறது. அதன் காலில் 1.81 காட்டியது. கடிகாரத் துடிப்பைத் தரும் படிகத்தின் மேல் 12.288 என்று பொறித்திருந்தது. நொடிக்கு எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையான 48,000-ஐ 256-ஆல் பெருக்கினால் வரும் மெகாஹெர்ட்ஸ் கணக்கு அது. அந்தத் துடிப்பைச் சில்லுக்குள் பெருக்கும் பிஎல்எல் சுற்றுக்கான ஜம்பர்களும் (இணைப்புச் செருகிகள்) அதற்கேற்பவே இருந்தன.

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

இந்தச் சில்லுக்கு நிரல் அமைக்கும் மென்பொருளான சிக்மா ஸ்டுடியோவில் உள்ளீட்டை அப்படியே வெளியீட்டோடு கோடிழுத்து இணைத்துப் பலகைக்கு அனுப்பினேன். லேப்டாப்பிலிருந்து 200 ஹெர்ட்ஸில் 1 வோல்ட் கொடுத்தால் வெளியே 0.45 வோல்ட்தான் வந்தது. கம்பியைச் சந்தேகித்தேன், என் சால்டரிங்கைச் சந்தேகித்தேன், ஒரு மணி நேரம் போனது. பிறகுதான் தரவுத்தாளை ஒழுங்காகப் படித்தேன். உள்ளீடு மின்னோட்டத்தை அளப்பது. வெளியே 18 கிலோ ஓம், உள்ளே 2 கிலோ ஓம் எனச் சேர்ந்த மின்தடை வழியாக 2 வோல்ட் வந்தால்தான் அதற்கு முழு அளவான 100 மைக்ரோ ஆம்பியர் பாய்கிறது. வெளியீட்டின் முழு அளவோ 0.9 வோல்ட். ஆகவே 2-க்கு 0.9 என்றால் 1-க்கு 0.45, பலகை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

2024 ஆகஸ்ட் 10, சனி

2,500 ஹெர்ட்ஸில் பிரியும்படி, எண்மத்துக்கு (ஆக்டேவ், அதாவது அதிர்வெண் இருமடங்காகும் இடைவெளி) 24 டெசிபெல் சரியும் லிங்க்விட்ஸ்-ரைலி வடிகட்டியை இரு பக்கமும் அமைத்தேன். பிரியும் இடத்தில் இரண்டு கிளைகளிலும் ஒலி சரிபாதியாக, அதாவது 0.225 வோல்ட்டாக, இருக்கவேண்டும். மீட்டரோ இரண்டிலும் 0.18 காட்டியது. செவ்வாய்க்கிழமை கற்ற பாடத்தால் இம்முறை உள்ளீட்டையே அளந்தேன். 1 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 0.82 என்றது. வீட்டு மின்சாரத்தை அளக்கவென்று செய்த மலிவு மீட்டரிடம் 2,500 ஹெர்ட்ஸைக் கேட்டது என் தவறு. இரண்டும் ஒரே விகிதத்தில் குறைவதால் வகுத்துப் பார்த்தால் 0.22 வந்தது, அது போதும்.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் மின்வெட்டு. லேப்டாப் பேட்டரியில் ஓடியதால் திரையில் வடிகட்டி, இணைப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. மின்சாரம் திரும்பிய பிறகு பலகையில் மட்டும் சத்தமில்லை. நிரல் முழுவதும், மின்சாரம் போனால் அழிந்துவிடும் நினைவகமான சில்லின் ராமில்தான் இருந்தது என்பதை நான் அறிவேன், ஆனால் ஒரு வாரமாக அதை மறந்தே வேலை செய்திருக்கிறேன்.

மென்பொருளில், மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான ஈஈப்ராமையும் சேர்த்து, கடைசியாகத் தொகுத்ததை அதில் எழுதச் சொன்னேன். சில்லைத் தானே துவங்கச் செய்யும் செல்ஃப்பூட் ஜம்பரைப் போட்டு, லேப்டாப்பின் யூஎஸ்பி கேபிளை உருவிவிட்டு, மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்தேன். அப்போதும் மௌனம்தான். மீண்டும் எழுதினேன், மீண்டும் மௌனம்.

மாலையில், சில்லும் ஈஈப்ராமும் பேசிக்கொள்ளும் ஐ2சி கம்பிகளில் மீட்டரை வைத்தேன். ஓய்வில் 3.3 வோல்ட் இருக்கவேண்டிய கடிகாரக் கம்பியில் 1.1 வோல்ட்! யூஎஸ்பியை உருவினேனே தவிர, லேப்டாப்புக்கும் பலகைக்கும் இடையில் நிரலைக் கடத்தும் கருவியான புரோகிராமரிலிருந்து பலகைக்கு வரும் ரிப்பன் கேபிள் அப்படியே செருகியிருந்தது. மின்சாரம் இல்லாத அந்தப் புரோகிராமர் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது. தானே துவங்கும்போது இந்தச் சில்லுதான் ஈஈப்ராமைக் கேட்டுப் படிக்கவேண்டும். கம்பியையே அசைக்க முடியாதபோது எதைப் படிக்கும்? ரிப்பனைக் கழற்றியதும் கம்பி 3.3-க்கு ஏறியது, பாட்டு வந்தது.

2024 ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. ட்வீட்டரை இணைக்கும் முன் மின்சாரத்தை இருபது முறை நிறுத்திக் கொடுத்துப் பார்த்தேன். இருபது முறையும் நிரல் துவங்கியது. இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு: ஈஈப்ராமில் வடிகட்டி இல்லாத பழைய நிரல் கிடந்தால், தாழ்ந்த ஒலி முழுவதும் நேரே ட்வீட்டருக்குப் போய் அதன் மெல்லிய சுருளைக் கருக்கிவிடும். அதனால் 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் 20 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகப் போட்டேன். ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதுவே மட்டுப்படுத்தும். ஆம்ப்ளிஃபயரைப் போடும்போது வந்த ‘டப்’ என்ற சத்தமும் வெகுவாக அடங்கிவிட்டது. பிரியும் இடத்தில் அது ஒலியலையின் கட்டத்தை (ஃபேஸ்) சற்றே நகர்த்தும் என்பது தெரியும். இருந்தும் இப்போதைக்கு அதை எடுக்கப்போவதில்லை.