ஆடி பிறப்பதற்குள்

வைகாசி 20

மதினி வந்துவிட்டுப் போனார். ஒரு பை முருங்கைக்காய், ஒரு பட்டுச்சேலை. தீபாவளிக்கே பட்டு வந்ததில்லை. "அத்தை குடுக்கச் சொன்னாவ" என்றார். அம்மாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். "ஆமாட்டி, உடுத்து" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

வைகாசி 22

மகள் பெங்களூர் போகும்போது விட்டுப்போன அட்டைப்பெட்டியைத் திறந்தேன். எல்லாம் மனிதர்களைத் தன் பக்கம் இழுப்பது எப்படி, அதிகாரத்தைப் பிடிப்பது எப்படி என்கிற புத்தகங்கள். "இன்டர்வியூவுக்குப் படிச்சதும்மா, பழைய பேப்பர்காரருக்குப் போட்டுரு" என்றாள். போடவில்லை. சியால்டினியின் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். 1984-ல் வந்தது. அமெரிக்காவில் உளவியல் பேராசிரியர். விற்பனை செய்கிறவர்களோடு தானும் ஒரு ஆளாகச் சேர்ந்து, பயிற்சி எடுத்து, உள்ளே இருந்து பார்த்து எழுதியிருக்கிறார்.

விமான நிலையத்தில் ஹரே கிருஷ்ணா பக்தர்கள் போகிறவர் கையில் ஒரு பூவைத் திணிப்பார்களாம். வேண்டாம் என்றாலும் திரும்ப வாங்க மாட்டார்கள். பிறகுதான் நன்கொடை கேட்பார்கள். பூவைக் குப்பையில் போடுகிறவர்கள்கூட காசைக் கொடுத்துவிட்டுத்தான் போவார்களாம்.

சேலையைப் பீரோவில் வைக்கவில்லை. மேசை மேல் கவரோடு இருக்கிறது.

வைகாசி 23

அண்ணன் வாட்ஸ்அப்பில்: "ஆதார் நகல் மட்டும் அனுப்பு." அனுப்பினேன்.

வைகாசி 26

இன்றைக்குப் பாஸ்போர்ட் அளவு போட்டோ கேட்டான். சும்மா ஒரு போட்டோதானே என்று கேலரியைத் திறந்தவள், புத்தகத்தில் நேற்று படித்ததை நினைத்து நிறுத்திவிட்டேன்.

1966-ல் கலிபோர்னியாவில் செய்த ஆராய்ச்சி அது. வீட்டு முன்னால் பெரிய, விகாரமான ஒரு போர்டு நட்டுக்கொள்ளச் சம்மதமா என்று நேராகக் கேட்டால் நூற்றுக்குப் பதினேழு பேர்தான் சரி என்றார்கள். இரண்டு வாரம் முன்னால் போய், பத்திரமாக வண்டி ஓட்டுங்கள் என்று சின்ன அட்டை ஒன்றை ஒட்டச் சொல்லி, அதற்குச் சரி என்றவர்களிடம் அதே போர்டைக் கேட்டால் எழுபத்தாறு பேர் சம்மதித்தார்கள். ஆதார், போட்டோ, அடுத்து பான் கார்டு. நாலாவதாக என்ன வரும் என்று எனக்குத் தெரியும்: ஊர் வயலில் என் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம்.

அண்ணன் இந்தப் புத்தகம் எதையும் படித்தவன் இல்லை. காலையில் பேப்பரில் அணை மட்டம் பார்ப்பான், அவ்வளவுதான். படிக்காமலே இதெல்லாம் கை வந்திருக்கிறது. அந்த வீட்டுத் திண்ணையில் ஆண்பிள்ளையாக உட்கார்ந்து வளர்ந்தாலே வந்துவிடும் போலிருக்கிறது. நான்தான் புத்தகம் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

வைகாசி 27

போட்டோ அனுப்பவில்லை.

வைகாசி 30

பத்திரம் எழுதுகிறவர் போன் செய்தார். "சட்டப்படி உங்களுக்கு ஒண்ணும் வராதும்மா. விடுதலைப் பத்திரம்னா ஒரு ஃபார்மாலிட்டிதான்." குரலில் அவ்வளவு தெளிவு. ஒரு நிமிஷம் நானே நம்பிவிட்டேன். வைத்த பிறகுதான் தோன்றியது: ஒன்றும் வராதவளிடம் கையெழுத்து எதற்கு?

ஆனி 2

தலைவலி. சாரல் காற்று. ஒன்றும் படிக்கவில்லை.

ஆனி 4

வக்கீலம்மாவைப் பார்த்தேன். மூன்று வருஷத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். 1956: இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் அப்பா இறந்தால், அவர் பங்கில் மகளும் முதல் வகுப்பு வாரிசு. 1989: தமிழ்நாட்டுச் சட்டம், பூர்விகச் சொத்தில் பிறப்பாலேயே மகளுக்கும் மகனைப் போலப் பங்கு, ஆனால் அந்த மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை. 2005: மத்திய சட்டத்தில் திருத்தம், செப்டம்பர் 9 முதல். அதில் கல்யாணமானவள், ஆகாதவள் என்ற பிரிவே கிடையாது. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அக்காவுக்கு 1987-ல் கல்யாணம். "ஒனக்குக் கெடையவே கெடையாது" என்று சொல்லியே அவளிடம் வாங்கியிருக்கிறார்கள்.

ஆனி 5

"அக்காவே போட்டுட்டா, ஒனக்கு என்ன?" அண்ணன், போனில். மற்றவர்கள் செய்தால் நாமும் செய்வோம் என்பதற்குப் புத்தகத்தில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. அக்காவை என்ன சொல்லிப் போடவைத்தார்கள் என்பதற்குத்தான் எதிலும் பக்கம் இல்லை.

ஆனி 8

அடுத்து ராபர்ட் கிரீன் எழுதிய புத்தகம். 1998. அதிகாரத்துக்கு நாற்பத்தெட்டு விதிகள். அமெரிக்கச் சிறைகள் பலவற்றில் இதை உள்ளே விடுவதில்லையாம். கைதிகள் விரும்பிக் கேட்கிற புத்தகமும் இதுதானாம். அதைப் படித்ததும் இந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. பூட்டின அறைக்குள் இருக்கிறவன் அல்லவா சாவி யாரிடம் இருக்கிறது என்று யோசிப்பான்.

ஆனால் விதிகளைப் படிக்கப் படிக்கக் கோபம் வருகிறது. முதல் விதி: உனக்கு மேலே இருப்பவனை மிஞ்சித் தெரியாதே. நாலாவது விதி: தேவைக்கும் குறைவாகவே பேசு. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இதை நியூயார்க்கிலிருந்து யாரும் அச்சடித்து அனுப்ப வேண்டாம். ஆச்சி அறுபது வருஷம் தாத்தாவை மிஞ்சித் தெரியாமல்தான் இருந்தாள். அம்மா இன்றைக்கு வரை தேவைக்கும் குறைவாகத்தான் பேசுகிறாள். இரண்டு விதிகளையும் ஒரு பிசகில்லாமல் கடைப்பிடித்தவர்கள். அதிகாரம் வந்ததா? கார்ப் பருவச் சாகுபடிக்கு எந்த நெல் போடுவது என்றுகூட ஒருத்தர் அவர்களைக் கேட்டதில்லை.

அவர் சொல்கிற மௌனம் வேறு. பேசுவான் என்று நாலு பேர் எதிர்பார்க்கிற இடத்தில் ஒருத்தன் பேசாமல் இருந்தால் அது கனமாக இருக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பேசுவாள் என்று யாருமே நினைக்காத ஒருத்தி பேசாமல் இருந்தால் அது சம்மதம் ஆகிவிடும். சபையில் ஏற்கெனவே இடம் இருக்கிறவனுக்கு எழுதிய விதிகள் இவை. எனக்கு இவற்றைத் தலைகீழாகத்தான் படிக்க வேண்டும். தேவைக்கும் அதிகமாகப் பேசு. இருக்கிறாய் என்பதை மிஞ்சியே காட்டு.

(இவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "என்ன இவ்வளவு வேகமா எழுதுத?" என்று கேட்டார்.)

ஆனி 9

அம்மாவுக்குப் போன். ஸ்பீக்கர்.

ஆனி 12

இவர் சொல்கிறார், "போட்டுக் குடுத்துரு. பத்து மரக்கால் விதைப்பாட்டு வயலுக்காவ அம்மா வீட்டு வாசல் அடைஞ்சிரக் கூடாது." அவர் பேச்சில் கெட்ட எண்ணம் இல்லை. எனக்கும் ராத்திரியெல்லாம் அந்த ஒரு பயம்தான். கதவைத் திறப்பது மதினி, போனை எடுப்பது மதினி, மாத்திரை கொடுப்பது மதினி. அம்மாவை நான் பார்ப்பதும் பார்க்காததும் அந்தக் கையில் இருக்கிறது. வீட்டுக் கதவைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை.

ஆனி 13

மகள் போனில் சத்தம் போட்டாள். "அம்மா, அதெல்லாம் மேனிப்புலேஷன் புக். அடுத்தவங்களை ஆட்டிவைக்கிறது எப்படின்னு சொல்லிக் குடுக்கும். நீ ஏன் அதைப் படிக்கே?"

ஆட்டிவைக்கப்படுகிறவள் படிக்காமல் வேறு யார் படிப்பார்கள் என்று கேட்டேன். குறளில்கூட நூற்று முப்பத்து மூன்றில் எழுபது அதிகாரம் பொருட்பால்தான். அதில் மன்னனிடம் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு ஒன்று, முகத்தைப் பார்த்தே மனதைத் தெரிந்துகொள்வதற்கு ஒன்று. அதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ண வைத்தோமே, அதை யாரும் சூழ்ச்சி என்று சொல்லவில்லையே. அவள் பதில் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

ஆனி 16

நெல்லையப்பர் கோயிலில் கொடியேறிவிட்டது. அண்ணனின் மெசேஜ்: "ஆடி பொறந்தா ஒரு மாசம் பத்திரம் ஓடாது. அதுக்குள்ள முடிச்சிரணும்." இன்னும் கொஞ்ச நாள்தான், விட்டால் கிடைக்காது என்பது வாங்குகிறவனை அவசரப்படுத்தச் சொல்வது. இங்கே கொடுக்கிறவளை அவசரப்படுத்துகிறார்கள். ஆடி போனால் ஆவணி வரும்.

ஆனி 18

பாளையங்கோட்டை மைய நூலகத்தில் மாக்கியவெல்லி பற்றித் தேடி உட்கார்ந்து படித்தேன். பெயரைச் சொன்னாலே தந்திரக்காரன் என்று நினைத்திருந்தேன். 1512-ல், முன்பு ஆண்ட மெடிச்சி குடும்பம் இத்தாலியின் பிளாரன்சுக்குத் திரும்பி வந்ததும் அவருடைய அரசாங்க வேலை போயிற்று. அடுத்த வருஷம் சதி செய்ததாகப் பிடித்து, கையைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்கிச் சித்திரவதை செய்திருக்கிறார்கள். விடுதலையாகி ஊருக்கு வெளியே இருந்த தன் தோட்ட வீட்டுக்குப் போனார். மத்தியானம் சாப்பிட்ட பிறகு சத்திரத்தில் கசாப்புக்காரரோடும் மாவு அரைக்கிறவரோடும் சீட்டாட்டம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சேறு பட்ட உடுப்பைக் கழற்றி, அரசவைக்குப் போட்டுப்போகிற உடுப்பை மாட்டிக்கொண்டு படிக்க உட்காருவாராம். 1513 டிசம்பர் 10-ல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். அந்த அறையில்தான் 'இளவரசன்' என்கிற அந்தப் புத்தகம் எழுதப்பட்டது. அதை மெடிச்சி ஒருவருக்கே காணிக்கையாக்கினார், வேலை திரும்பக் கிடைக்கும் என்று. பழைய பதவி கிடைக்கவில்லை. 1527-ல் இறந்தார். புத்தகம் அச்சில் வந்தது 1532-ல்.

பஸ்ஸில் வரும்போது அழுகையாக வந்தது. எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை. யாரும் பார்க்காத அறையில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த அந்த மனுஷனுக்காகவா?

ஆனி 19

வேலை. துணி துவைத்தேன். மழை இல்லை.

ஆனி 21

டேல் கார்னகியின் புத்தகம். 1936. அமெரிக்காவின் மிசௌரியில் ஏழை விவசாயி மகன். 1912-லிருந்து நியூயார்க்கில் மேடையில் பேசக் கற்றுக்கொடுத்தவர். வாதத்தில் ஜெயிக்க ஒரே வழி வாதத்துக்கே போகாமல் இருப்பது என்கிறார். எனக்கு ஒப்புதல் இல்லை. போகாமல் இருந்து தோற்றவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் முதல் அத்தியாயத்தை விட முடியவில்லை. போலீஸ் சுற்றி வளைத்த கொலைகாரன் ஒருவன், பிறகு அல் கபோன். இரண்டு பேரும் தங்களை நல்லவர்கள் என்றே நம்பினார்கள் என்கிறார். அண்ணனும் அப்படித்தான். அப்பாவுக்குக் கடைசி வரை செய்தது நான், அம்மாவை வைத்திருப்பது நான், வயலில் நிற்பது நான், இவள் பாளையங்கோட்டையில் மாடி வீட்டில் இருக்கிறாள். அவன் மனதில் இது திருட்டு இல்லை. கணக்கை நேராக்குவது.

அப்புறம் அந்த இன்னொரு அத்தியாயம். ஒருவனுக்கு நல்ல பெயரை முதலிலேயே கொடுத்துவிடு, அதைக் காப்பாற்ற அவன் பாடுபடுவான். படித்த உடனே சொல்ல வேண்டிய வாக்கியம் தானாக வந்துவிட்டது. "அண்ணே, டைப்ரைட்டிங் கிளாஸ் முடிஞ்சு கடைசி ரயிலுக்கு நான் வரும்போதெல்லாம் வீரவநல்லூர் ஸ்டேஷன்ல டார்ச் லைட்டோட நின்னியே. மழையா இருந்தாலும் நிப்பே. நீ எனக்கு அநியாயம் பண்ண மாட்டே."

அத்தனையும் நிஜம். அவன் நின்றான். ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. என் வாழ்க்கையில் அவனைப் பற்றி நான் வைத்திருக்கிற ஆக நல்ல நினைப்பு அது. அதைப் போய் இப்போது எந்த நேரத்தில், எந்த இறக்கத்தில் சொன்னால் வேலை செய்யும் என்று கணக்குப் போடுகிறேன். இச்சகம் வேறு, மனதாரப் பாராட்டுவது வேறு என்று கார்னகி பிரித்துச் சொல்கிறார். மனதாரத்தான் சொல்லப்போகிறேன். ஆனாலும் ஒரு பலனுக்காகச் சொல்கிறேன். இது எந்தப் பக்கம் சேரும்? மதினி கொண்டுவந்த சேலையும் நல்ல சேலைதான். அம்மாவுக்கும் உண்மையிலேயே கொடுக்க ஆசை இருந்திருக்கலாம்.

புத்தகங்களின் மேல் எனக்கு இருக்கிற பெரிய குறை இதுதான். அடுத்தவர் செய்வதைப் பார்க்கக் கண் கொடுக்கிறது. கொடுத்துவிட்டு, நம் வாயிலிருந்து வருகிற நல்ல வார்த்தையையும் நம்மையே சந்தேகிக்க வைக்கிறது.

டார்ச் லைட்டைப் பற்றிப் பேச மாட்டேன். காரியம் எப்படி முடிந்தாலும் சரி. அது இந்தப் பேச்சுக்குள் வரக் கூடாது.

ஆனி 22

வருவதாக அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன். நீல டிக் விழுந்தது.

ஆனி 24

தேரோட்டம். டவுணில் கால் வைக்க இடமில்லை. வெயில் ஏறுமுன் வடம் தொட்டுவிட்டு, ஜங்ஷன் வந்து ரயில் பிடித்து ஊருக்குப் போனேன். சேலையையும் எடுத்துப்போனேன். அம்மா மடியில் வைத்து, "நீ குடுத்ததுன்னா உடுத்துதேன்ம்மா, வேற யாரும் குடுத்ததுன்னா வேண்டாம்" என்றேன். அம்மா சேலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். மதினி அடுக்களைக்குப் போய்விட்டார்.

சித்தப்பாவும் வந்திருந்தார். "நம்ம குடும்பத்துல எந்தப் பொம்பளப்பிள்ளையும் பங்கு கேட்டதில்ல, தெரியும்லா?"

"தெரியும் சித்தப்பா. நான் கேக்கேன்."

இதைச் சொல்ல ஒரு விதியும் தேவைப்படவில்லை. குரல் நடுங்கியது, நடுங்கட்டும். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன், பாகப்பிரிவினைப் பத்திரம் என்றால் போடுகிறேன், வயலை நீயே பார், விற்கச் சொல்லவில்லை, பேர் இருக்க வேண்டும், அக்காவுக்கும் வேண்டும். வரிசையாகச் சொன்னேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பேசி வச்சுட்டு வந்திருக்கா" என்று சித்தப்பாவிடம் சொன்னான். ஆமாம் என்றேன்.

சாப்பிடாமல் யாரும் அனுப்பவில்லை. அண்ணன் சாப்பிட வரவில்லை.

ஆனி 25

அம்மா நம்பர் எடுக்கவில்லை.

ஆனி 26

எடுக்கவில்லை.

ஆனி 28

அக்கா போன் செய்தாள். அண்ணன் அவளிடம் நாலு நாள் முன்பே பேசியிருக்கிறான். அதாவது தேர் அன்றைக்கு ராத்திரியே. என்ன பேசினான் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். "நீ ஏம்ட்டி எனக்கும் சேத்துக் கேட்டே?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். கோபமா, இல்லையா, கண்டுபிடிக்க முடியவில்லை. போட்ட கையெழுத்து ஏமாற்றி வாங்கியது என்றால் அதையும் கேட்க வழி இருக்கிறதா என்று வக்கீலம்மாவிடம் விசாரிக்க வேண்டும்.

ஆனி 30

புதன்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். கொண்டுபோக வேண்டியது: வாரிசுச் சான்று, வில்லங்கம், தாத்தா பேரில் உள்ள தாய்ப்பத்திர நகல், கூட்டுப்பட்டா. அக்கா வருகிறேன் என்று சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காலையில் அவள் வீட்டுக்கே போய்