பொலநறுவையில் ஓர் அரை நாள்

மலருக்கு ஒரு நினைவுக் கட்டுரை வேண்டும் என்று எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தினர் கேட்டபோது, பரிசளிப்பு விழாவைப் பற்றியும் விடுதி வாழ்க்கையைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் எழுத விரும்புவது 1969ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் போன கல்விச் சுற்றுலாவைப் பற்றி. அதிலும் முழுச் சுற்றுலாவை அல்ல. இலங்கையின் பழைய தலைநகரான பொலநறுவையில் காலை ஏழு மணியிலிருந்து மத்தியானம் வரை கழிந்த அந்த அரை நாளை மட்டும்.

நாங்கள் முப்பத்திரண்டு மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள். இரவு பத்து மணிக்குக் கல்லூரி வாசலிலிருந்து பஸ் புறப்பட்டது. ஆனையிறவு தாண்டும்வரை பாட்டு, வவுனியா வரும்போது எல்லோரும் தூக்கம். மரதன்கடவலவில் கண்டி வீதியை விட்டுத் திரும்பி, ஹபரணையைக் கடந்து, மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளத்தின் பக்கம் வந்தபோது விடிந்துவிட்டது. பின்னேரத்துக்குள் திருகோணமலை போய்ச் சேர வேண்டும். ஆகவே பொலநறுவைக்கு அரை நாள்தான் என்று சரித்திர ஆசிரியர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

அவர் அதற்காகச் செய்த ஆயத்தம் பெரியது. ஒரு கிழமைக்கு முன்பே கரும்பலகையில் அந்த நகரத்தின் படத்தை வரைந்து காட்டினார். மேற்கே பராக்கிரம சமுத்திரம் என்ற பெரிய குளம், கரையில் அரண்மனை, அதற்கு வடக்கே கோயில்களும் விகாரைகளும், இன்னும் வடக்கே கல் விகாரை. இன்னொரு நாள் பாடத்தை நிறுத்திவிட்டு, சோழர் காலத்துத் தமிழ் எழுத்துகள் பத்துப் பன்னிரண்டை எழுதிக் காட்டினார். எதற்கென்று சொல்லவில்லை. எங்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: "அங்கே ஒருவர் வந்து விளக்கம் சொல்லுவார். அவர் சொல்லுறதைக் கேளுங்கோ, பிறகு கல்லைப் பாருங்கோ. இரண்டும் ஒத்து வருகுதோ எண்டு நீங்களே யோசியுங்கோ."

அந்த 'ஒருவர்' வெள்ளைச் சாரமும் கோட்டும் அணிந்த ஒரு சிங்களப் பெரியவர். இளவயதில் மட்டக்களப்பில் சில காலம் வேலை செய்தவராம். அவருடைய தமிழ் எங்கள் யாழ்ப்பாணத் தமிழல்ல. எங்களை "மனே, மனே" என்றுதான் கூப்பிட்டார். பஸ்ஸில் ஏறியதும் ஆசிரியரிடம், "சேர், எல்லாத்தையும் பார்க்க ரெண்டு நாள் வேணும். அரை நாள் எண்டா நாலு இடம். நாலையும் வடிவாப் பார்ப்பம்" என்றார். எங்களில் சிலருக்கு ஏமாற்றம். கேள்விப்பட்ட பெயர்களையெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று கொப்பியில் வரிசையாக எழுதி வைத்திருந்தோம்.

முதலில் நேரே வடக்கே கல் விகாரைக்குக் கொண்டுபோனார். வாசலிலேயே அரண்மனை இருக்க ஏன் தொலைவில் தொடங்குகிறார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. போன பிறகுதான் காரணம் தெரிந்தது. அங்கே செருப்பைக் கழற்ற வேண்டும். பத்து மணிக்குப் பிறகு அந்தப் பாறையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. கால் சுட்டால் கண் பார்க்காது என்றார். ஒரு நகரத்தைக் காட்டத் தெரிந்தவர் முதலில் வெயிலைத் தெரிந்திருக்கிறார். இதை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

ஒரே பாறை முகத்தில் செதுக்கிய நான்கு உருவங்கள் அங்கே இருக்கின்றன. முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் காலம், அதாவது 1153 முதல் 1186 வரை. சாய்ந்திருக்கும் புத்தர் 46 அடி நீளம். நாங்கள் அளவைக் கொப்பியில் குறிக்கத் தொடங்க, பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "காலைப் பாருங்க மனே." பார்த்தோம். இரண்டு பாதங்களின் விரல்களும் சரிசமமாக இல்லை. மேலே இருக்கும் கால் சற்றே பின்வாங்கியிருந்தது. நித்திரை கொள்பவருக்குக் கால்கள் ஒன்றாக இருக்கும், இது பரிநிர்வாணம், புத்தரின் மறைவு, அதைத்தான் சிற்பி அந்த விரல்களில் சொல்லியிருக்கிறான் என்றார். பிறகு தலையணையைக் காட்டினார். தலை வைத்த இடத்தில் தலையணை மெல்லப் பதிந்திருந்தது. கருங்கல்லில் பஞ்சின் பதிவு! அதற்குப் பிறகு அவர் ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. முப்பத்திரண்டு பையன்கள் சத்தமில்லாமல் நின்றதை எங்கள் கல்லூரி மண்டபத்தில்கூட நான் கண்டதில்லை.

கிரி விகாரையையும் இலங்காதிலகத்தின் உயர்ந்த செங்கல் சுவர்களையும் பஸ்ஸிலிருந்தபடியே பார்த்துக்கொண்டு திரும்பினோம். வழியில் குரங்குக் கூட்டம் ஒன்று பஸ்ஸை மறித்து, யன்னலோரம் இருந்த ஒருவனின் வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு போனது.

அடுத்தது நடுவில் இருக்கும் மேடை. வட்ட வடிவக் கோயிலான வட்டதாகே, புத்தரின் பல்லுக்குக் கட்டிய ஹட்டதாகே, கல் பொத்த எல்லாம் ஒரே முற்றத்தில் நெருங்கி நிற்கும் இடம். கல் பொத்த என்பது கல்லால் ஆன ஒரு புத்தகம். சுமார் 27 அடி நீளம், 25 தொன் அளவு பாரம். நிசங்கமல்ல மன்னன் தன் புகழை அதில் எழுதுவித்து, மிகிந்தலையிலிருந்து அந்தக் கல்லைக் கொண்டுவந்ததாகவும் அதிலேயே பொறித்து வைத்திருக்கிறான். அதைப் பார்த்து நாங்கள் வாய் பிளந்தது உண்மை. ஆனாலும் மனதில் தங்கியது அதுவல்ல.

வட்டதாகேயின் படியடியில் சந்திரவட்டக்கல் இருக்கிறது. அரைவட்டமாக வரிசை வரிசையாக மிருகங்கள். "அனுராதபுரத்துக் கல்லில யானை, குதிரை, சிங்கம், எருது நாலும் இருக்கு. இங்க எது இல்ல?" என்று கேட்டார். தேடினோம். எருது இல்லை. சோழர் வந்துபோன பிறகு சைவமும் இங்கே ஊறிவிட்டது, சிவனின் வாகனத்தைக் காலால் மிதிக்கிற இடத்தில் போட மனம் வரவில்லை, பலரும் சொல்லும் விளக்கம் இது என்றார். ஒரு படிக்கல்லில் ஒரு மிருகம் இல்லாமல் போனது ஒரு சரித்திரம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை சரித்திரம் எனக்கு அரசர்களின் பெயரும் ஆண்டும் மட்டும்தான்.

அதற்குப் பக்கத்தில், முதலாம் விஜயபாகு மன்னன் தந்ததாதுவுக்கு, அதாவது புத்தரின் பல்லுக்கு, கட்டிய கோயிலின் தூண்கள் நிற்கும் இடத்தில், ஒரு கற்பலகை. "இந்தப் பல்லுக் கோயிலுக்கு ஆர் காவல் தெரியுமா மனே?" என்று கேட்டுவிட்டுப் பலகையைத் தொட்டார். தமிழ்! வேளைக்காரப் படையினர் பொறித்த சாசனம் அது. தந்ததாதுக் கோயிலைத் தாங்கள் காப்போம் என்று அந்தத் தமிழ்ப் படையினர் உறுதி கூறிய வாசகம். எங்கள் பாடப்புத்தகத்தில் அது ஒரு வரியாக வந்ததோ என்னவோ, எனக்கு நினைவில்லை. கல்லில் கண்டபோது எழுந்த உணர்ச்சி மட்டும் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

அந்த இடத்தில்தான் பெரியவர் சற்றுத் தயங்கினார். ஆசிரியரைப் பார்த்து, "சேர், அனுராதபுரத்தை அழிச்சது சோழர். அதை மறைச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது" என்றார். ஆசிரியர் உடனே, "மறைக்கத் தேவையில்லை ஐயா. பிள்ளையள் அதையும் அறியத்தான் வந்திருக்கினம்" என்றார். பிறகு ஆசிரியரே எங்களுக்குச் சொன்னார்: ராஜராஜன் காலத்துப் படையெடுப்பு, அனுராதபுரத்தின் அழிவு, ராஜேந்திரன் காலத்தில் 1017இல் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டது, சோழர் இந்த நகரத்துக்கு ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்து ஆண்டது, 1070இல் விஜயபாகு அதை மீட்டது. மீட்டவன் தலைநகரத்தைத் திரும்ப அனுராதபுரத்துக்குக் கொண்டுபோகவில்லை, இங்கேயே ஆண்டான் என்பதைப் பெரியவர் சேர்த்தார். இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்தார். பின்னாளில் எங்கள் நாட்டில் நடந்தவற்றையெல்லாம் கண்டு, கடல் கடந்து வந்து, எத்தனையோ இரவு அந்த இரண்டு பேரையும் நான் நினைத்திருக்கிறேன்.

கடைசி இடத்துக்கு நடந்து போனோம். வெயில் ஏறிவிட்டது. மரங்களுக்கிடையே சின்னதாக ஒரு சிவன் கோயில். தொல்பொருள் கணக்கில் அது இரண்டாம் இலக்கச் சிவ தேவாலயம். அடியிலிருந்து விமானம் வரை முழுவதும் கல். பொலநறுவையில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது அதுவே என்பார்கள். செங்கல்லும் சாந்துமாக உயர்ந்த பெரிய மாளிகைகள் இடிந்து கிடக்க, இந்தச் சிறிய கோயில் அப்படியே நின்றது. எங்களில் பலர் கேட்காமலே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டோம். ஒருவன் மெல்லத் தேவாரம் ஒன்றைத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டோம். பெரியவர் தள்ளி நின்று கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தேவாரம் முடிந்ததும் அவர் எங்களைச் சுவரடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் வரிவரியாக எழுத்து. "எத்தனையோ வருசமா இந்தச் சுவரைச் சனங்களுக்குக் காட்டுறன். தமிழ் கதைப்பன், வாசிக்கத் தெரியாது. வாசிச்சுச் சொல்லுங்க மனே" என்றார்.

அப்போதுதான் அந்தக் கரும்பலகைப் பாடத்தின் காரணம் எங்களுக்கு விளங்கியது. குனிந்து, முழங்காலில் இருந்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தோம். சுலபமில்லை. அந்தக் காலத்துக் கல்லில் மெய்யெழுத்துக்குப் புள்ளி போட மாட்டார்கள், சொல்லுக்குச் சொல் இடைவெளியும் விடமாட்டார்கள். ஒருவன் 'வ' என்றான். இன்னொருவன் 'ன' என்றான். இல்லை, அது 'ந' என்று பக்கத்தில் ஒருவன் சண்டைக்கு வந்தான். ஆசிரியர் கால்மணி நேரம் வாய் திறக்கவில்லை. நாங்கள் ஒவ்வோர் எழுத்தாகக் கண்டுபிடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். திருகோணமலைக்கு நேரமாகிறது என்று மற்ற ஆசிரியர் கைக்கடிகாரத்தைக் காட்டியபோதும் அசையவில்லை. பிறகுதான் எங்களோடு குனிந்து, நாங்கள் விட்ட எழுத்துகளைச் சேர்த்து, அந்தக் கோயிலின் பெயரை வாசித்தார்: வானவன்மாதேவீச்சரம். சோழ அரசி ஒருத்தியின் பெயரால் அமைந்த ஈச்சரம்.

இங்கே வந்த பிறகு நானும் மனைவியும் பல ஊர்களில் இப்படி அரை நாள் சுற்றுலா போயிருக்கிறோம். ரோமில் ஒரு காலையில் கொலோசியமும் ஃபோரமும் பார்த்தோம். காதில் மாட்டிய கருவியில் குரல் வந்துகொண்டே இருந்தது, கொடி பிடித்தவர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். அவர் நல்ல மனிதர், நிறையத் தெரிந்தவர். ஆனால் எந்தக் கல்லின் முன்னாலும் பேச்சை நிறுத்தவில்லை, எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகிறவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமோ தெரியாது. ஆனாலும் எந்த நகரத்துக்குப் போனாலும் என் கண் அந்த வெள்ளைச் சாரத்தைத்தான் தேடுகிறது.

மத்தியானம் பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டில் மர நிழலில் இருந்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பொதிகளைப் பிரித்தோம். பெரியவருக்கும் ஒரு பொதி கொடுத்தோம். அவர் சாப்பிட்டுக் கைகழுவி வந்து, கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து ஆசிரியரிடம் நீட்டினார். கோயிலின் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். ஆசிரியர் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அதற்குக் கீழே, ஒவ்வோர் எழுத்துக்கும் நேரே, பெரியவர் சிங்களத்தில் எழுதிக்கொண்டார்.

பஸ் புறப்படும்போது அவர் வீதியோரம் நின்றார். கை காட்டவில்லை. கொப்பியை விரித்துப் பிடித்தபடி, உதடு அசைய, அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.