சூழல் வேலைக்கு எண்ணூர் பக்கமிருந்தே வழி இருக்கு

"காலநிலை, சுற்றுச்சூழல் சம்பந்தமா ஏதாவது செய்யணும், என்ன கோர்ஸ் படிக்கலாம்?" வியாசர்பாடி, திருவொற்றியூர் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கோர்ஸ் தேடுவதற்கு முன்னால் கையில் என்ன தொழில் இருக்கிறதென்று பாருங்கள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியா, டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸா, ஐடிஐ எலக்ட்ரீஷியனா, பி.காம்-ஆ? எண்ணூர், மணலி, கொடுங்கையூர் வட்டாரத்தில் இந்த நாலு பேருக்கும் வேலை கிடக்கிறது. கோஷம் போட இங்கே ஆளுக்குக் குறைவில்லை. அளக்கத் தெரிந்தவருக்கும் ஆவணம் படிக்கத் தெரிந்தவருக்கும்தான் பஞ்சம்.

கெமிஸ்ட்ரிக்காரர்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது என்ஏபிஎல் (ஆய்வுக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வுக்கூடங்களை. ஆரம்பத்தில் 'ஃபீல்டு' வேலைதான் தருவார்கள். வெயிலில் மொட்டை மாடி ஏறி, காற்றை இழுத்து ஃபில்டரில் தூசியைப் பிடிக்கும் சாம்ப்ளர் வைக்க வேண்டும். அலுக்காதீர்கள், மொத்தத் தொழிலும் அங்கேதான் இருக்கிறது. பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டர் வரையான நுண்தூசி) பிடிக்கும் சாம்ப்ளர் நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுக்கும், அதாவது மணிக்கு 1 கனமீட்டர், 24 மணி நேரத்துக்கு 24 கனமீட்டர். இந்தியாவில் 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால் 47 மில்லிமீட்டர் ஃபில்டரில் ஒரு நாள் முழுக்கச் சேரும் தூசி 1.44 மில்லிகிராமைத் தாண்டினாலே வரம்பு மீறல். ஒரு கல்லுப்புப் பரல்கூட இதைவிடக் கனம்.

அதனால்தான் ஃபில்டரை விரலால் தொடக் கூடாது, ஃபோர்செப்ஸ்தான். எடை போடும் முன்னும் பின்னும் ஒரே வெப்பம், ஒரே ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் இதைத் தவறவிட்டால் தூசியோடு சேர்த்துத் தண்ணீரையும் எடை போட்டிருப்பீர்கள். இன்னொரு தப்பு ரொம்ப சகஜம்: ராத்திரி 4 மணி நேரம் கரண்ட் போயிருக்கும், பம்ப் ஓடியது 20 மணி நேரம்தான், ஆனால் ஷீட்டில் 24 கனமீட்டர் என்று எழுதி வகுத்திருப்பார்கள். காற்று ஆறில் ஒரு பங்கு சுத்தமாகிவிட்டது, காகிதத்தில். மெஷினில் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் இருக்கும். அதையும், தொடக்கத்திலும் முடிவிலும் காற்றோட்ட அளவையும், போட்டோ எடுத்து வைக்கும் பழக்கம் உள்ள பையனை எந்த லேபும் விடாது.

எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்குக் குறைந்த விலை சென்சார். தூசி அளக்க பிஎம்எஸ் 5003 மாதிரி ஒரு லேசர் சென்சார், அதைப் படிக்க இஎஸ்பி 32 என்ற குட்டிக் கணினி போர்டு, ஈரப்பதம் பார்க்க ஒரு பிஎம்இ 280 இருந்தால் போதும். சென்சாருக்கு 5 வோல்ட் கொடுக்க வேண்டும், ஆனால் டேட்டா கால்கள் 3.3 வோல்ட். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் 32 பைட் பொட்டலமாக அனுப்பும். கடைசி 2 பைட் சரிபார்ப்புத் தொகை. அதைச் சோதிக்காமல் எழுதிய புரோகிராம்தான் திடீரென்று 3,000 என்று காட்டிப் பீதி கிளப்பும். பெட்டிக்குப் பிளம்பிங் கடையில் 4 இன்ச் பிவிசி எல்போ இரண்டு வாங்கி, இரண்டு வாயும் கீழே பார்க்கிற மாதிரி மாட்டுங்கள். வாயில் வலை கட்டாவிட்டால் சிலந்தி குடிவந்துவிடும். சமையலறை ஜன்னல், டீக்கடை அடுப்பு, ஜெனரேட்டர் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

பல பேர் சறுக்குவது இதற்கு அப்புறம்தான். இந்த சென்சார் ஒளிச்சிதறலை வைத்துக் கணக்கிடுகிறது. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்துகள் தண்ணீர் குடித்து ஊதிவிடும், சென்சார் அதைப் பெரிய தூசியாக எண்ணும். கடலோரத்தில் விடியற்காலை அளவு எகிறுவதற்கு இதுவும் காரணம். அந்த நேரத்து எண்களை அழிக்காதீர்கள், பக்கத்தில் ஈரப்பதத்தைக் குறித்து வையுங்கள். இரண்டாவது, பெரிய துகள்களை இது சரியாகப் பார்க்காது. அது காட்டும் பிஎம் 10 (10 மைக்ரோமீட்டர் வரையான தூசி) பெரும்பாலும் ஊகக் கணக்கு. ஆக, லாரியிலிருந்து கொட்டும் நிலக்கரித் தூசியையும் அனல்மின் நிலையத்தின் காய்ந்த சாம்பல் குட்டையிலிருந்து பறக்கும் சாம்பலையும் இதை வைத்து நிரூபிக்கப் போனால் நீங்களே தோற்பீர்கள். அதற்குப் பழைய முறையே மேல்: மாடியில் வாய் அகன்ற பாத்திரம் 30 நாள் வைத்து, விழுந்த தூசியை எடை போடுவது.

மணலி, கொடுங்கையூர், ராயபுரத்தில் காற்றின் தரத்தை அளக்கும் அரசின் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் அருகே உங்கள் பெட்டியை 2 வாரம் ஓடவிட்டு, மணிக்கு மணி ஒப்பிட்டுத் திருத்தம் போட்ட பிறகுதான் ஊருக்குள் கொண்டுபோங்கள். அந்த நிலையங்களின் டேட்டாவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் இலவசமாக இறக்கலாம். 24 மணி நேரச் சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிஎம் 2.5 அளவு 21 மணி நேரம் 35, ராத்திரி 3 மணி நேரம் 220 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 58, வரம்புக்குள். மூச்சுத் திணறி எழுந்தவர் அந்த 3 மணி நேரத்தில்தான் எழுந்தார். மணிவாரி எண்களை எடுத்து, பக்கத்தில் காற்றின் திசையையும் போட்டால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று பிடிபடும். காற்று வாடையா கச்சானா (திசையை வைத்து மீனவர் காற்றுக்குச் சொல்லும் பெயர்கள்) என்று காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள், வரைபடம் வேகமாகப் புரியும்.

இனி பி.காம்-காரர்கள். சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய ஒவ்வொரு ஆலையும் ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆறு மாதத்துக்கொருமுறை அனுமதியின் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றிய அறிக்கை தர வேண்டும். இடது பக்கம் நிபந்தனை, வலது பக்கம் பதில். ஆடிட் பார்த்த கண்ணுக்கு இது விருந்து. "பின்பற்றப்படுகிறது", "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்ற பதில்களை விட்டுவிட்டு எண் உள்ள வரிகளை மட்டும் பிடியுங்கள். நாலைந்து அறிக்கைகளை வரிசையாக வைத்தால், ஒரே எண் தசம புள்ளி மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தெரிந்துவிடும்.

எண்ணை ஒப்பிட எந்த வரம்பு என்பதிலும் கவனம் வேண்டும். 2015 டிசம்பர் விதிப்படி அனல்மின் நிலையப் புகைபோக்கியின் துகள் வரம்பு, அங்குள்ள மின்னுற்பத்தி அலகு எப்போது நிறுவப்பட்டது என்பதைப் பொறுத்தது. 2003 முடியும் முன்பு என்றால் கனமீட்டருக்கு 100 மில்லிகிராம், 2004 முதல் 2016 வரை 50, அதற்குப் பின் 30. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலை 1990களில் வந்த 210 மெகாவாட் அலகுகள் மூன்று, இரண்டாம் நிலை 600 மெகாவாட் இரண்டு, மூன்றாம் நிலை 2024இல் வந்த 800 மெகாவாட். ஆக ஒரே வளாகத்தில் மூன்று வரம்பு. "வடசென்னை அனல்மின் நிலையம் வரம்பை மீறியது" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய மனு நிற்காது. எந்த அலகு, எந்தத் தேதி, எந்த வரம்பு என்று இருக்க வேண்டும்.

அறிக்கை கிடைக்கவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் சட்டம் கொடுப்பது இருக்கிற ஆவணத்தை. "இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இன்ன ஆலைக்கு வழங்கிய இசைவாணை, ஆய்வறிக்கை, விளக்கம் கேட்ட நோட்டீஸ் ஆகியவற்றின் நகல்" என்று கேளுங்கள். (இசைவாணை என்பது ஆலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதி.) 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பலர் இங்கே சலித்து விட்டுவிடுகிறார்கள், அலுவலகத்துக்கும் அது தெரியும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் சுற்றுச்சூழல் தகராறு மனுவுக்கு, காரணம் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு. தேதி போட்டு ஃபைல் வைக்கும் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும்.

எலக்ட்ரீஷியனுக்கு மாடி சோலார். சென்னையில் 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் எதிர்பார்க்கலாம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு என்பதால் மாட்டிவிட்டுப் போக ஆட்கள் நிறைய. நம் பக்கம் ஆள் இல்லாதது பராமரிப்புக்கு. கடல் உப்பு ஸ்ட்ரக்சரின் போல்ட்டைத் தின்னும். சாம்பல் பனியில் நனைந்து காய்ந்தால் சிமெண்ட் மாதிரி பேனலில் பிடித்துக்கொள்ளும். உப்பான போர்வெல் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் படலம் தங்கும். நல்ல தண்ணீர், மெல்லிய பிரஷ், வெயில் ஏறும் முன் என்பதுதான் முறை. டிசி கனெக்டரைக் கட்டிங் பிளேயரால் நசுக்குவதும், வேறு வேறு கம்பெனி ஆண்–பெண் கனெக்டரைச் சேர்ப்பதும் ஒரு வருடத்தில் ஜாயின்ட்டைக் கருக்கிவிடும். சரியான கிரிம்பிங் டூல் ஒன்றை முதல் சம்பளத்தில் வாங்குங்கள்.

கொடுங்கையூர் குப்பை மேட்டைச் சுற்றிக் காயலான் தொழில் பார்ப்பவர்களுக்குப் பாடம் எடுக்க யாருக்கும் தகுதியில்லை. எந்தப் பிளாஸ்டிக் தண்ணீரில் மிதக்கும், எது மூழ்கும், எதை உருக்கினால் என்ன வாடை என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்குக் கூலி நிர்ணயிக்கத் தெரிந்த கணக்காளர் ஒருவர் கூடப் போனால் நல்லது. கழிமுகத்தில் அலையாத்திச் செடி நட்டு போட்டோ எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுகிறேன். ஓதம் ஏறி இறங்கும் மட்டம் பார்க்காமல் நட்டது நிற்காது, அவ்வளவுதான்.

கடைசியாக, ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் முன் மக்களிடம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டம். அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையில் குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். திட்டத்தின் சூழல் பாதிப்பு பற்றிய வரைவு அறிக்கை கலெக்டர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்கும், அதன் சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். பேசப் போகிறவர் ஒரு பக்கம் எழுத்திலும் கொண்டுபோய்க் கொடுத்து, கையொப்பமிட்ட நகல் வாங்க வேண்டும். பேசி முடித்ததும் டீ குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். கூட்டம் முடியும்போது நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி, முழுக் கூட்டமும் வீடியோவில் பதிவாகிறது. நீங்கள் சொன்னது அந்த வாசிப்பில் விடுபட்டிருந்தால், கேமரா ஓடும்போதே எழுந்து நின்று, பெயரும் ஊரும் சொல்லி, விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.