பாதையும் அளவு நாடாவும்

குருக்கள்மடத்தில் பாதை ஏறி அம்பிளாந்துறையில் இறங்குவோம். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் வாவிக்கு அக்கரை சேர்க்கும் மிதவைக்குத்தான் மட்டக்களப்பில் பாதை என்று பெயர். அன்று நாங்கள் மூன்று பேர். என் பையில் இரண்டு கோப்புகளும் ஒரு அளவு நாடாவும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இரண்டு கிராமங்களில் போட்ட கொங்கிறீற்று வீதிகளை அரச கணக்காய்வுக்காகப் பார்க்கப் போனோம்.

முதல் கோப்பு பார்க்கவே அழகு. விலைமனு, உடன்படிக்கை, அளவீட்டுத் தாள், வவுச்சர் எல்லாம் வரிசையாக, ஒரு கையொப்பம்கூடக் குறையாமல் இருந்தன. இரண்டாவது, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று ஒப்பந்தம் எடுத்துச் செய்த வேலை. அதில் மணலுக்கும் கல்லுக்கும் ஒழுங்கான பற்றுச்சீட்டு இல்லை. கந்தோரில் இருந்தபடியே அதற்கு ஐயவினா, அதாவது விளக்கம் கேட்கும் கணக்காய்வுக் கடிதம், எழுதி முடித்திருந்தேன். முதலாவதில் கேட்க ஒன்றுமே இருக்கவில்லை.

தளத்தில் எல்லாம் தலைகீழ். எங்களோடு வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் முதல் வீதியின் ஓரத்து மண்ணை அலவாங்கால் விலக்கினார். கோப்பில் தடிப்பு நான்கு அங்குலம், நாடாவில் இரண்டரை. இன்னும் மூன்று இடங்களில் தோண்டினோம். எங்கும் மூன்றைத் தாண்டவில்லை. ஓரத்தைக் கிள்ளினால் விரலோடு உதிர்ந்து வந்தது.

மாதர் சங்கத்து வீதியில் தடிப்பு சரி. நீளம் ஒப்பந்தத்தில் உள்ளதைவிட எட்டு மீற்றர் கூட. சங்கத் தலைவி ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து விரித்தார். எந்த நாள் எத்தனை லோட் மணல், யாருடைய உழவு இயந்திரம், எத்தனை பேருக்குச் சோறு, எல்லாம் பென்சிலில். சில வரிகளுக்குப் பக்கத்தில் பெருவிரல் அடையாளம். "மண் ஏத்தினவருக்கிட்ட பில் புத்தகம் இல்ல மனே, நாங்க எங்க போற?" என்று கேட்டார்.

பற்றுச்சீட்டு இல்லாத கொடுப்பனவை அரச செலவுக்கான விதிகளான நிதிப் பிரமாணம் ஏற்காது. அது தேவையான விதிதான். அதைத் தளர்த்தினால் நேர்மையற்றவனுக்குத்தான் முதலில் வசதி. ஆனால் விதியைப் பார்த்த கண்ணால் வீதியையும் பார்க்காவிட்டால் நாங்கள் எதற்கு?

எங்களுக்கெல்லாம் தலைவரான கணக்காய்வாளர் நாயகம் திருடனைப் பிடிக்கும் பொலிஸ் என்று எங்கள் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அவர் பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்பவர். இலங்கை அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரைப்படி நிதியாண்டு முடிந்து 10 மாதங்களுக்குள் அவர் அறிக்கை கொடுக்க வேண்டும். எந்த ஏட்டையும் கேட்டுப் பார்க்கும் உரிமையும் அங்கேதான் இருக்கிறது. அவருடைய சம்பளம் அரசின் பொது நிதியான திரட்டு நிதியத்திலிருந்து போகிறது. கேள்வி பிடிக்கவில்லை என்று எந்த அமைச்சரும் அதில் கைவைக்க முடியாது. இந்தக் காவல் எல்லாம் அவருக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. படுவான்கரையில் அலவாங்கோடு நிற்கும் எங்களுக்கும் அது முதுகெலும்பு.

முன்பெல்லாம் எழுதி அனுப்புவதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டத்தில், அரச பணத்துக்கு இழப்பு ஏற்படுத்தியவர் மேல் மிகைக்கட்டணம் விதிக்க, அதாவது அந்த இழப்பை அவரிடமே அறவிட, வழி இருக்கிறது. நான் சொல்லும் வீதிகள் அதற்கு முந்தியவை.

அன்று பின்னேரம் திரும்பும்போது, பாதையில் நின்றபடியே என் ஐயவினாவை மாற்றி எழுதினேன். பற்றுச்சீட்டுக் குறைபாட்டை நீக்கவில்லை, அது உண்மை. அதன் கீழே நாங்கள் அளந்த தடிப்பையும் கூடுதல் எட்டு மீற்றரையும் சேர்த்தேன். கொப்பியின் நிழற்பிரதியைப் பிறகு பெற்று இணைத்தேன். முதல் வீதிக்குத் தனியாக இரண்டு பக்கம் போனது. கந்தோரில் இருந்தே முடித்திருந்தால் அந்தப் பெண்களின் பெயர் மட்டும்தான் அறிக்கையில் ஏறியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

முதல் வீதிக்கு வந்த பதில் ஒரே வரி: "எதிர்காலத்தில் கவனத்திற் கொள்ளப்படும்."

அடுத்த மாரி வெள்ளம் வடிந்ததும் வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். முதல் வீதியின் நடுவில் தண்ணீர் அறுத்த பள்ளம். பிள்ளைகள் சைக்கிளால் இறங்கி, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்கள்.