கேன்ஸ் கிராண்ட் பிரி: பெயர் ஒன்று, பரிசு வேறு

2024-இல் பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' பிரான்சின் கேன்ஸ் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி வாங்கிய செய்தியைப் படித்ததும், 1946-இல் சேத்தன் ஆனந்தின் 'நீச்சா நகர்' வாங்கிய அதே விருது என்றுதான் நினைத்தேன். பெயர் அதேதான், ஆனால் அன்றைக்கு அது விழாவின் உச்சப் பரிசு, இன்றைக்கு இரண்டாமிடம்.

அப்படியென்றால் பழையதுதான் பெரிய வெற்றியா? அதையும் சட்டென்று சொல்லிவிட முடியாது. 1939-இல் தொடங்க வேண்டிய விழா போரால் தள்ளிப்போய் 1946-இல்தான் முழுமையாக நடந்தது, அந்த முதல் வருடம் கிராண்ட் பிரியை 11 படங்கள் பகிர்ந்துகொண்டன. கபாடியா அதைத் தனியாக வாங்கினார். என்னைக் கேட்டால் இரண்டாமிடம் என்றாலும் இதுதான் கடினமான வெற்றி.

இன்றைய உச்சப் பரிசான தங்கப் பனை (Palme d'Or) வந்தது 1955-இல். கேன்ஸ் நகரச் சின்னத்தில் இருக்கும் பனையோலைதான் அது. இப்போது கொடுப்பது 118 கிராம் 18 காரட் தங்கத்தில் செய்து ஒரு படிகக் கல்மேல் வைத்தது. முதல் பனையை வாங்கிய 'மார்ட்டி', கல்யாணம் ஆகாத ஒரு கறிக்கடைக்காரரின் சின்னக் கதை. உச்ச விருது அப்படிப்பட்ட படத்துக்குப் போனதை நினைத்தால் இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

அப்புறம் 1964-இல் பனையை விட்டுவிட்டுப் பழையபடி கிராண்ட் பிரி என்றே கொடுத்தார்கள், 1975-இல் பனை திரும்பியது. குழப்பமெல்லாம் இங்கேதான். அமெரிக்க இயக்குநர் கொப்போலா தங்கப் பனையை இரண்டு முறை வென்றவர் என்பார்கள், ஆனால் 1974-இல் 'தி கான்வர்சேஷன்' வாங்கியது கிராண்ட் பிரி. அந்த வருடம் அதுதான் முதல் பரிசு என்பதால் கணக்கில் சேருகிறது. 1979-இல் 'அபோகலிப்ஸ் நவ்' வாங்கியது தங்கப் பனை, அதுவும் 'தி டின் டிரம்' படத்தோடு பாதிப் பாதி.

இப்படிப் பகிர்ந்து கொடுத்ததில் ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1993-இல் ஜேன் கேம்பியன் 'தி பியானோ'வுக்காகத் தங்கப் பனை வென்ற முதல் பெண் இயக்குநர் ஆனார், ஆனால் சென் கைகேவின் படத்துக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். ஒரு பெண் இயக்குநர் அதைத் தனியாக வாங்க இன்னும் 28 வருடம் ஆனது: 2021, ஜூலியா துகூர்னோ, 'தித்தான்'.