இனிஷியலில் சிக்கிய அட்மிஷன்

பிப்ரவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, படுக்கப் போகிற நேரத்தில் அந்த மெயில் வந்தது. வேதியியல் பிஎச்.டி.க்கு நான் விண்ணப்பித்திருந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத் துறையிலிருந்து. சேர்க்கைக் குழு உங்களைப் பரிந்துரைத்திருக்கிறது; அதிகாரபூர்வ முடிவை கிராஜுவேட் ஸ்கூல் தெரிவிக்கும்; அதுவரை இதை அட்மிஷனாகக் கொள்ள வேண்டாம். அவ்வளவுதான். முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டு அப்பாவை எழுப்பினேன்.

பால் வருவதற்குள் அப்பத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. கடை திறக்கும் நேரத்துக்குக் காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. “பேத்தி அமெரிக்கா போறாளாம்ல, எப்பப் பயணம்?” என்று காய்கறிக்கார அம்மா கேட்டபோதுதான் மற்ற இரண்டு வரிகளையும் நிதானமாகப் படித்தேன்.

அங்கே துறை வேறு, கிராஜுவேட் ஸ்கூல் வேறு. ஆளைத் தேர்ந்தெடுப்பது துறைப் பேராசிரியர்கள். பட்டம் சரியா, மதிப்பெண் பட்டியல் நேராகக் கல்லூரியிலிருந்து வந்ததா, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இருக்கிறதா என்று பார்த்துக் கடிதம் கொடுப்பது கிராஜுவேட் ஸ்கூல். அப்பத்தாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு வந்த ஒரே வழி: “பொண்ணு பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டாக. தட்டு இன்னும் மாத்தலை.” உடனே விளங்கிவிட்டது. “அப்ப வெளிய சொல்லக்கூடாதுல்ல ஆத்தா?” என்றார், ஊர் முழுக்கச் சொல்லி முடித்த பிறகு.

அதன் பிறகு தினமும் ஒரே வேலை. இணையப் பக்கத்தைத் திறப்பது, ‘பரிசீலனையில்’ என்ற சொல்லைப் பார்ப்பது, மூடுவது. அவர்களுடைய அலுவலகம் கிழக்குக் கரையில். காலை ஒன்பது மணிக்குத் திறந்தால் காரைக்குடியில் இரவு ஏழரை. மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள், நமக்கு ஆறரை ஆனது. எனக்கு மிச்சமான லாபம் அந்த ஒரு மணி நேரம்தான்.

மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலில் மாசி-பங்குனித் திருவிழா தொடங்கியது. எனக்காகப் பால்குடம் நேர்ந்திருந்த அப்பத்தாவுக்குச் சந்தேகம்: இப்பவே எடுப்பதா, லெட்டர் வந்த பிறகா? வந்த பிறகு என்றேன். “ரஜூலாக் கப்பல்ல எங்க ஐயா கடுதாசி பினாங்குலேர்ந்து வர்றதுக்கு மாசக்கணக்கா உக்காந்திருப்போம். ஒனக்கு ஒரு ராத்திரி பொறுக்கலை” என்றார். ஒரு ராத்திரி இல்லை, அப்போது 24 ஆகியிருந்தது. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

மார்ச் கடைசி வாரம் பொறுக்க முடியாமல் கிராஜுவேட் ஸ்கூலுக்கே எழுதினேன். மறுநாள் பதில்: உங்கள் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட், அதாவது மதிப்பெண் பட்டியல், வரவில்லை. ஜனவரியிலேயே ஸ்பீடு போஸ்ட்டில் போனது. டெலிவரி ஆனதாக டிராக்கிங்கும் காட்டியது. ரசீதைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு அவர்கள் தேடினார்கள். கவர் அங்கேயேதான் இருந்தது, வேறொருத்தியின் பெயரில்.

அந்த வேறொருத்தியும் நான்தான். மதிப்பெண் பட்டியலில் என் பெயரும் ஓர் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் சர்நேம். விண்ணப்பம் பாஸ்போர்ட்படி போட்டேன், கவர் கல்லூரிப்படி போனது. அவர்களுடைய கணினியில் ஒற்றை எழுத்தைக் குடும்பப் பெயராகக் கொண்ட ஒரு பெண் விண்ணப்பமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். பாஸ்போர்ட்டில் சர்நேமைக் காலியாக விட்டவர்களுக்கு இன்னொரு கூத்து: விசாவில் முழுப்பெயரும் சர்நேம் இடத்துக்குப் போய்விடும், சொந்தப் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று விழும். ‘பெயர் தெரியவில்லை’ என்று பொருள். விண்ணப்பிப்பதற்கு முன்பே இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரியிலிருந்து கவர் போகும்போது விண்ணப்ப எண்ணை வெளியே எழுதச் சொல்லுங்கள். நான் எழுதச் சொல்லவில்லை.

கோர்ட் பக்கம் ஒரு நோட்டரியிடம் போய், முத்திரைத்தாளில் ‘இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்’ என்று பிரமாணப் பத்திரம் வாங்கினோம். டைப் அடித்தவர் அந்தப் பத்திரத்திலும் இனிஷியலைத் தப்பாக அடித்தார். அப்பா சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருத்தி வாங்கி, பாஸ்போர்ட் முதல் பக்கத்தோடு அன்றைக்கே அனுப்பினேன்.

இதற்கிடையில் ஏப்ரல் 15 நெருங்கியது. உதவித்தொகையோடு வரும் அழைப்புகளுக்கு அந்தத் தேதிவரை பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. என் கையில் இன்னொரு இடத்திலிருந்து முறையான கடிதம் இருந்தது. படிப்பு அவ்வளவு பிடித்ததில்லை, ஆனால் கடிதம் கடிதம்தானே. கையில் இருப்பதை விட்டுவிட்டு வாய்வார்த்தையை நம்புவதா? அப்பா, “ஒண்ணும் வரலைன்னா 14ஆம் தேதி ராத்திரி அவுகளுக்குச் சரின்னு போட்ரு” என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

ஆனால் அதற்கு முன் துறைக்கு ஒரு மெயில் போட்டேன், கெஞ்சாமல், நாலே வரியில். உங்களிடம் சேரவே விருப்பம். வேறோர் அழைப்புக்கு 15ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். பெயர்க் குழப்பத்துக்கான ஆவணம் இன்ன தேதியில் அனுப்பியாயிற்று. அதற்குள் முடிவு தெரியுமா? ஆறு வாரம் ‘பரிசீலனையில்’ பார்த்துக் கிடந்ததற்கு இந்த மெயிலை முதலிலேயே போட்டிருக்கலாம். துறை அலுவலர் கிராஜுவேட் ஸ்கூலையும் சேர்த்துப் பதில் எழுதினார். இரண்டாம் நாள் இரவு 11:40க்கு இணையப் பக்கத்தில் ‘பரிசீலனையில்’ போய் ‘முடிவு வெளியாகியுள்ளது’ என்று வந்தது. திறக்கக் கை வரவில்லை. அம்மாதான் தொட்டார்.

இந்த முறை யாரையும் எழுப்பவில்லை. கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, உதவித்தொகை இவ்வளவு, வகுப்பு ஆகஸ்டில். மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 சான்றுக்கான படிவம் தனியாக வரும்.

காலையில் பிரிண்ட் எடுத்து வந்து அப்பத்தாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை முன்னும் பின்னும் திருப்பினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“சீலே இல்லையே ஆத்தா. இன்னொரு நாள் பாத்துட்டுச் சொல்லுவமா?”