கடலை மிட்டாயும் கொச்சி மழையும்

ஜூன் 9
கோவில்பட்டியிலிருந்து ஆரியங்காவு வழியாகக் கொச்சிக்கு முதல் லோடு. 40 பெட்டி. மதுரை, திருநெல்வேலியைத் தாண்டி நம் மிட்டாய் போவது இதுதான் முதல் முறை. அப்பா லாரிக்குச் சூடம் காட்டினார்.

ஜூன் 24
11 பெட்டி திரும்பிவிட்டது. ஒன்றைப் பிரித்தேன். வெல்லம் கசிந்து கவரோடு ஒட்டியிருந்தது. ஒடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டிய மிட்டாய் வளைகிறது. நமத்துப்போன மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வெல்லம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கரிசல் காட்டுக் காய்ந்த காற்றில் இது தெரியவே இல்லை. கொச்சியிலோ இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை.

ஜூன் 28
எர்ணாகுளம் பிராட்வே. மொத்தக் கடைக்காரர் கோபப்படவில்லை, என்னையும் கூட்டிக்கொண்டு சில்லறைக் கடைகளுக்கு வந்தார். கவரைப் பிரித்துக் கண்ணாடி பாட்டிலில் கொட்டி, ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து விற்கிறார்கள். அப்புறம் எப்படி மொறுமொறுப்பு நிற்கும்?

ஒரு பாட்டி வந்து "கப்பலண்டி மிட்டாயி உண்டோ?" என்றார். நம் பாக்கெட் கண்ணெதிரே இருந்தும் பக்கத்திலிருந்ததை வாங்கிப் போனார். நம் கவரில் தமிழும் ஆங்கிலமும்தான். கப்பலில் வந்த கொட்டை என்பதால் அங்கே கடலைக்குப் பெயர் கப்பலண்டி. நம் வட மாவட்டங்களில் மணிலாக்கொட்டை என்பதில்லையா, அதுபோல.

ஜூலை 6
பாகில் குளுக்கோஸ் சேர்த்தால் ஒட்டாது என்கிறார் சித்தப்பா. அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "கடலை, வெல்லம் ருசியை இன்னொன்னு மறைக்கக் கூடாதுடா." நானும் அப்பா பக்கம்தான். 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது இந்த ருசிக்குத்தானே. மாற வேண்டியது உறை. உள்ளே வெள்ளிப்பூச்சு போட்ட தாளில் மிட்டாயைத் தனித்தனியாகப் போட்டு, காற்றுப் புகாமல் வாயை ஒட்டப்போகிறோம். ஒன்றுக்கு 40 காசு கூடுதல், பரவாயில்லை.

இன்று பாகுப் பதத்தை நானே பார்த்தேன். தண்ணீரில் விட்ட துளியை எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்கும் வரை இறக்கவில்லை. ஆறியதும் ராத்திரி தங்கவிடாமல் உறையில் போட்டு ஒட்டிவிட்டோம்.

ஜூலை 30
புது உறையில் மலையாளத்தில் பெரிதாகக் 'கப்பலண்டி மிட்டாயி', அதன் கீழேயே 'கோவில்பட்டி'. 15 பெட்டி போய் 2 வாரம் ஆகிறது. மொத்தக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். அங்கே மழை கொட்டுவது கேட்டது. "இருங்க சேட்டா" என்று போன் பக்கத்திலேயே ஒன்றை ஒடித்தார். கேட்டது.

ஓணத்துக்கு முன்னால் 60 பெட்டி வேண்டுமாம். கடலை வறுக்க இன்னும் ஒரு ஆள் பார்க்க வேண்டும்.